நாரி இல்லை பிள்ளை, இடுப்பு

இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், அம்மா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். இடப்பக்க இடுப்பில் என் சின்னவன், அப்போது பத்து மாசம். வலக்கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகு அடுத்த படி.

"என்னம்மா, நோகுதா?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் உளையுது. குளிருக்கு."

வெளிநாட்டில் வளர்ந்த நம் எல்லாருக்கும் இந்த "ஒண்டுமில்லை" தெரியும். தெரிந்தும், எங்களுக்கு வசதியாக இருப்பதால் அதை நம்பிவிடுகிறோம். அடுத்த நாள் காலையில் எனக்கு எட்டரைக்கு மீட்டிங். சின்னவனை யார் பார்ப்பது? அம்மாதான்.

ஒரு மாசம் கழித்துக் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்வதுதான் எங்கள் வழக்கம். எட்டு வயதிலிருந்து எனக்கு அந்த வேலை. வங்கிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், பல் டொக்டர், எல்லாம் நான்தான். அம்மா "இடுப்பு நோகுது" என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "லோவர் பேக் பெயின்" என்றேன்.

டொக்டர் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அறுபதைத் தாண்டிய எந்த முதுகை எடுத்தாலும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்தது. மாத்திரை, முதுகுக்கான பயிற்சி, சுடுதண்ணீர்ப் பை. ஊரிலிருந்து சித்தி நல்லெண்ணெய் பூசி ஒத்தணம் கொடுக்கச் சொன்னார். அதுவும் நடந்தது. எட்டு மாசம் இப்படியே போனது.

ஒரு விரலால் காட்டுங்கோ

நவம்பரில் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட். வயதில் என்னைவிடச் சின்னப் பெண். அவர் என்னைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்து, ஒரே ஒரு விரலால் நோகிற இடத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லிச் சைகை செய்தார். அம்மாவின் விரல் முதுகுக்குப் போகவே இல்லை. தொடையின் வெளிப்பக்கம், காற்சட்டைப் பை இருக்கிற இடத்தில் ஒரு எலும்பு மேடு தட்டுப்படுமே, நேராக அதன் மேல் போய் நின்றது.

"அம்மா, நாரியெண்டெல்லோ சொன்னீங்கள்?"

"நாரியெண்டு நான் எப்ப சொன்னனான்? இடுப்பெண்டுதானே சொன்னனான். நாரி இல்லை பிள்ளை, இடுப்பு."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முதுகின் அடிப்பக்கம் நாரி. பக்கவாட்டில் இருப்பது இடுப்பு. அம்மா சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த என் தமிழில் இரண்டும் ஒரே இடமாகிவிட்டது. தமிழ்நாட்டு நண்பர்களிடம் கேட்டால் அவர்கள் வீட்டில் "இடுப்பு வலி" என்றால் பெரும்பாலும் முதுகுவலிதான். ஆக, எந்த ஊர்த் தமிழாக இருந்தாலும் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். விரலைப் பாருங்கள்.

அன்று நான் கற்ற சின்னக் கணக்கு இது. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தால் நோவு பெரும்பாலும் கவட்டுப் பக்கம் தெரியும். முதுகு நரம்பு அழுத்தப்பட்டால் பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழேயும் இறங்கலாம். பக்கவாட்டு எலும்பு மேட்டில் நோவு, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது, படி ஏறினால் கூடுகிறது என்றால், அங்கே வந்து ஒட்டுகிற தசைநாண்களைச் சந்தேகிக்க வேண்டும். இவை கலந்தும் வரலாம். நான் டொக்டர் இல்லை, கோட் எழுதுகிறவள். நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வியைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது

தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. பிட்டத்தின் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்று இரண்டு தசைகள் இருக்கின்றன. இரண்டின் கயிறுகளும் அந்த எலும்பு மேட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசைகளின் வேலை.

ஃபிசியோ அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, வலக்காலில் மட்டும் நிற்கச் சொன்னார். அம்மாவின் இடப்பக்க இடுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. விழாமலிருக்க உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. இதை 1895இல் ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் சோதிக்கிறார்கள். கயிறு பழுதாகியிருக்கலாம், தசை பலவீனமாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இப்படி நோகும் பலருக்கு "பர்சைட்டிஸ்", அதாவது எலும்புக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற சின்ன நீர்ப்பை வீங்கியிருக்கிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1997இல் பிரிட்டனில் ஒரு மருத்துவக் குழு, தொடை எலும்புக் கழுத்து முறிந்து அறுவைக்கு வந்த 50 பேரைப் பார்த்தபோது, 11 பேருக்கு இந்தத் தசைநாண் கிழிந்திருந்ததாக எழுதியது. தோளில் கிழிவதைப் போலவே இடுப்பிலும் கிழிகிறது என்று கவனிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் நாற்பது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, இது அதிகம். நம் அம்மாமாரின் வயது.

இன்னொன்றும் சொன்னார். காலுக்கு மேல் கால் போட்டு உட்காருவது, ஒரு பக்க இடுப்பைத் தள்ளி அதில் பாரம் போட்டு நிற்பது, இரண்டுமே இந்தக் கயிற்றை எலும்போடு வைத்து நசுக்குமாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி நிற்போம்? இடுப்பைத் தள்ளித்தான். அம்மாவுக்கு நோவு வலப்பக்கம். வழக்கமாக அவர் பிள்ளை தூக்குவதும் வலப்பக்கம். அன்று படியில் சின்னவன் இடப்பக்கம் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா நோகிறதென்று சொல்லாமல் பக்கம் மாற்றியிருக்கிறார்.

எல்லாருக்கும் கத்தி வேண்டாம்

முதலில் அறுவைச் சிகிச்சை என்ற பேச்சே வரவில்லை. அது சரியும்தான். தசைநாண் நைந்திருக்கிறது, ஆனால் முழுதாகக் கிழியவில்லை என்றால் பயிற்சிதான் முதல் வழி. ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குப் பயிற்சியும் எப்படி நிற்பது, உட்காருவது என்ற விளக்கமும். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது குழு பொறுத்திருந்து பார்த்தது. எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் 100க்கு 77, ஊசிக் குழுவில் 58, பொறுத்திருந்த குழுவில் 29. காசும் கத்தியும் இல்லாத வழி இவ்வளவு செய்கிறது.

அம்மாவும் பயிற்சி செய்தார். ஊசியும் போட்டார்கள், இரண்டு மாசம் நன்றாக இருந்தது. பிறகு நடையே மாறத் தொடங்கியது, வாத்து நடப்பது போல. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலப்பக்கக் குளூட்டியஸ் மீடியஸ் முழு ஆழத்துக்குக் கிழிந்து, எலும்பிலிருந்து கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. கிழிந்த எல்லாருக்கும் அறுவை தேவைப்படாது; பாதி கிழிந்த பலர் பயிற்சியிலேயே சமாளிக்கிறார்கள். ஆனால் கயிறு விலகிப்போய், பயிற்சியும் ஊசியும் உதவாமல், நடையும் கெட்டுவிட்டதால் தைக்கிற பேச்சு வந்தது.

என் எக்செல் ஷீட்

இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தோம். முதலாமவர் திறந்து செய்வதாகச் சொன்னார். இரண்டாமவர் துளை போட்டு, கமரா விட்டுச் செய்வதாகச் சொன்னார். நான் என்ன செய்வேன்? வேலையில் இரண்டு டேட்டாபேஸ்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமென்றால் செய்வதையே செய்தேன். எக்செல் ஷீட் திறந்தேன். லண்டனிலிருந்து தம்பி வாட்ஸப்பில் நிரல்களைக் கூட்டிக்கொண்டே இருந்தான்.

திறந்த முறையில், தொடையின் பக்கவாட்டில் சில அங்குல நீளத்துக்குத் தோலை வெட்டி, மேலே மூடியிருக்கும் தடித்த சவ்வைப் பிளந்து, நேரே பார்த்துத் தைக்கிறார்கள். எலும்பில் சின்ன ஆணிகள் இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் தசைநாணை இழுத்துக் கட்டுகிறார்கள். கிழிசல் பெரிதாக இருந்தாலும், கயிறு தூரம் விலகியிருந்தாலும், கையால் பிடித்து இழுத்துக் கொண்டுவரலாம். காயம் பெரிது. ஆகவே தையல் பிரிவது, கிருமி தொற்றுவது, இரத்தம் கட்டுவது போன்ற காயச் சிக்கல்களுக்கும் இடம் கூட.

துளை முறையில் இரண்டு மூன்று சின்னத் துளைகள். ஒன்றில் கமரா, மற்றதில் கருவி. உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே, திரையைப் பார்த்து, அதே மாதிரி ஆணியும் நூலும்தான். காயம் சின்னது. தேவைப்பட்டால் மூட்டுக்குள்ளேயும் எட்டிப்பார்க்கலாம். ஆனால் கைதேற நாளெடுக்கும், எல்லா ஊரிலும் செய்கிறவர்கள் இல்லை. விலகிப்போன பெரிய கிழிசலை இந்த முறையில் இழுத்துக் கொண்டுவருவதும் சிரமம்.

பலன் எப்படி? இரண்டிலும் பெரும்பாலானவர்களுக்கு நோவு குறைந்து நடை தேறுகிறது. ஒரு வருஷம் போனபின் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. காயச் சிக்கல் துளை முறையில் குறைவு. என் ஷீட் துளை முறைக்குப் பச்சை நிறம் காட்டியது.

ஆனால் அந்த ஷீட்டில் ஒரு பிழை. வேலையில் ஒரு ஜூனியர் செய்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தவை அல்ல. மருத்துவர்கள் சின்னக் கிழிசலைத் துளை வழியாகவும், பெரிய, பழைய கிழிசலைத் திறந்தும் செய்துவந்திருக்கிறார்கள். கூட்டமில்லாத சேர்வரையும் கூட்டம் நெரிகிற சேர்வரையும் பக்கத்தில் வைத்து எது வேகம் என்று கேட்பது போலத்தான் அது. எது சிறந்தது என்று கேட்பதை விட்டு, இந்தக் கிழிசலுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வரியையும் நான் தப்பாகப் போட்டிருந்தேன். துளை சின்னது, ஆகவே சீக்கிரம் எழும்பி நடக்கலாம் என்று. தோல் சீக்கிரம் ஆறும். தசைநாண் எலும்போடு திரும்ப ஒட்டுகிற வேகம் இரண்டு முறையிலும் ஒன்றுதான். எப்படித் தைத்தாலும் கிட்டத்தட்ட ஆறு வாரம் ஊன்றுகோலோ வோக்கரோ வேண்டும். காலில் முழுப் பாரம் போடக்கூடாது, காலைத் தானாகப் பக்கவாட்டில் தூக்கக்கூடாது, கால்மேல் கால் போடவே கூடாது. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி மூன்று மாசத்தை ஒட்டித்தான். முழுதாகத் தேற ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம்.

நான் மொழிபெயர்க்காத வசனம்

இரண்டாவது டொக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் காட்டி, தசைக்குள் வெள்ளையாகத் தெரிந்த கோடுகளைச் சுட்டினார். கயிறு அறுந்து வேலையில்லாமல் கிடக்கும் தசையில் மெல்ல மெல்லக் கொழுப்பு ஏறும். ஏறிய கொழுப்பு பெரும்பாலும் திரும்பிப் போகாது. அம்மாவுக்கு இப்போது கொஞ்சம்தான். கூடிவிட்டால் திறந்து தைத்தாலும் துளை போட்டுத் தைத்தாலும் பலன் குறைவு. பிட்டத்தின் பெரிய தசையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டுகிற பெரிய அறுவைதான் மிஞ்சும் என்றார்.

பிறகு, அம்மாவுக்கு என்ன ஆசை, என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும் பிள்ளை. இன்னும் ரெண்டு வருஷம்தானே. பிறகு பாப்பம். உனக்கு வேலை இருக்கு."

நான் பேசாமல் இருந்தேன். டொக்டர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். எட்டு வயதிலிருந்து செய்கிற வேலை, அன்று வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கே அந்த ஒரு வசனத்தில் இருந்தது. டேகேர் காசு மிச்சம், பிள்ளைக்குத் தமிழ், எங்களுக்கு நிம்மதி. எல்லாம் அம்மாவின் வல இடுப்பில். கடைசியில் சொன்னேன். டொக்டர் அம்மாவிடமே, மெதுவாக, சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில் சொன்னார்: இரண்டு வருஷம் நல்லதில்லை.

காரில் ஏறிய பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு பேரிலயும் ஆர் இதைக் கூடச் செய்தவை?"

என் ஷீட்டில் பதினேழு நிரல். அந்த நிரல் இல்லை. இரண்டு அலுவலகத்துக்கும் ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை. முதலாமவர் இந்த அறுவையைப் பல வருஷமாக அடிக்கடி செய்கிறவர். இரண்டாமவர் துளை முறையில் கைதேர்ந்தவர்தான், ஆனால் அம்மாவைப் போல விலகிய கிழிசல்களைக் குறைவாகத்தான் செய்திருக்கிறார். அதை அவரே சொல்லி, இதற்குத் திறந்து செய்வது நல்லது, முதலாமவரிடமே போங்கள் என்றார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி. பாதி கிழிந்த சின்னக் கிழிசலாக இருந்திருந்தால் நாங்கள் அவரிடமே போயிருப்போம்.

ஆறு வாரம்

செப்டம்பரில் திறந்து தைத்தார்கள். அறுவை அன்று ஒரு நாள்தான். அதற்குப் பிறகு எங்கள் முறை.

கீழ்மாடி இருப்பறையைப் படுக்கை அறையாக்கினோம். டாய்லெட் இருக்கையை உயர்த்தினோம். தரை விரிப்புகளைச் சுருட்டி வைத்தோம். இரவில் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து. என் கணவர் இரண்டு வாரம், நான் மூன்று வாரம் லீவு எடுத்தோம். சின்னவனுக்கு டேகேரில் இடம் பிடித்தோம். முன்பே பிடித்திருக்கலாம், காசு கணக்குப் பார்த்தோம்.

மிகச் சிரமமானது அம்மாவை உட்காரவைப்பதுதான். நான்காவது வாரம் சமையலறையில் சத்தம் கேட்டு ஓடினால், வோக்கரை ஒரு பக்கம் விட்டுவிட்டு மேல்தட்டிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். "நோகேல்லையே" என்றார். அதுதான் ஆபத்து. நோவு போய்விடும், தையல் இன்னும் ஒட்டியிருக்காது. அன்று நான் சத்தம் போட்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது ஐந்து மாசம். வீட்டுக்குள் தடியில்லாமல் நடக்கிறார். வலப்பக்கம் சரிந்து இன்னும் படுப்பதில்லை. களைத்தால் பழைய சாய்வு கொஞ்சம் தெரிகிறது. படியில் ஒரு படிக்கு ஒரு கால் வைக்கிறார். சின்னவனைத் தூக்குவதில்லை, அவன் சோபாவில் ஏறி மடியில் உட்காருகிறான்.

கையில் கொண்டுபோக

உங்கள் வீட்டிலும் யாராவது படியில் இரண்டு காலையும் வைத்து இறங்கினால், இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

• எங்கே நோகிறது என்று ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். சொல்லையும் அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.

• முதுகுக்கு வைத்தியம் பார்த்துத் தேறவில்லை என்றால், இடுப்பின் பக்கவாட்டுத் தசைநாணையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

• அறுவை என்றால்: கிழிசல் பாதியா முழுதா, எவ்வளவு விலகியிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, பொறுத்திருந்தால் என்ன ஆகும்?

• இப்படியான கிழிசலை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், எந்த முறையில்?

• முதல் ஆறு வாரம் வீட்டில் யார் நிற்பது? இது டொக்டருக்கான கேள்வி இல்லை. தேதி குறிக்க முன்பே வீட்டில் பேசுங்கள்.

• கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் மகளாக மட்டும் இருங்கள்.

கடைசி அப்பாயின்ட்மென்ட்டுக்கு நான் அப்படித்தான் போனேன். மொழிபெயர்க்க ஒரு அக்கா வந்திருந்தார். டொக்டர் நோவு எப்படி என்று கேட்டார். அம்மா வழக்கம்போல "ஒண்டுமில்லை" என்று தொடங்கி, அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரவில் மூன்று மணிக்கு எழும்புவதை, படியில் இன்னும் பயமாக இருப்பதை, எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் பாதி எனக்கே புதிது.